தாசில்தாருக்குப் பசிக்கவில்லை

இன்றைக்கும் வேண்டாம் என்கிறார். இடுக்கி நுனியில் சுவர்க்கோழிப் பூச்சி காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது, அவர் மூக்குக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை, முன்பெல்லாம் என்றால் கையைக் கூண்டுக்குள்ளே நீட்டுவதற்கு முன்பே நாக்கு வந்து ஒட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கும், யுகி அதை மொபைலில் பிடித்து மெதுவாக ஓடவிட்டுக் காட்டுவான், பாருங்கப்பா, உடம்பை விட நாக்கு நீளம் என்று, நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, நம்ம சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு அப்படித்தான்டா என்பேன். அந்த நாக்கு இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வலது கண்ணை மட்டும் உருட்டி இடுக்கியைப் பார்க்கிறார், இடது கண் எதிர்ச் சுவரிலேயே நிற்கிறது, இரண்டு கண்ணும் இரண்டு திசையில் பார்க்கிற பிராணியிடம் இங்கே பார் என்று எப்படிச் சொல்வது. சாப்பிடுங்க சார் என்கிறேன். நான் இப்படித் தனியாக அதனோடு பேசுவது என் மனைவி அமிர்தத்துக்குத் தெரியாது. அவள் படத்துக்குப் பூ வாங்கப் போயிருக்கிறாள், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாங்கி, கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவாள், வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலிலிருந்து கேட்பாள், சார் சாப்பிட்டாரா என்று. அதற்கு என்ன பதில் சொல்வது என்றுதான் மத்தியானத்திலிருந்து இந்த இடுக்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தாசில்தார் என்று பெயர் வைத்தது யுகிதான். எங்கள் வீட்டுப் பட்டாவுக்காக நான் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்த சமயத்தில் இந்தப் பச்சோந்தியை வாங்கிக்கொண்டு வந்தான். ஏமன் நாட்டு வகையாம், அதற்குக் காகிதமெல்லாம் வைத்திருந்தான், நம் ஊர்ப் பச்சோந்தியைப் பிடித்து வளர்த்தால் வனத்துறைக்காரன் நம்மைப் பிடித்துக்கொண்டு போவான் என்று விளக்கினான், நான், வெளிநாட்டுச் சரக்கா, அப்படியென்றால் சரி என்றேன் எரிச்சலாக. கூண்டிலே விட்டதும் அது ஒரு காலைத் தூக்கியது, வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடி யோசித்தது, கடைசியில் எடுத்த இடத்திலேயே வைத்தது. அப்பா, இவரு உங்க தாசில்தார்ப்பா என்றான். அமிர்தம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. இருபத்தாறு வயசுப் பையனுக்கு இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா, பெண் பார்க்க வருகிறவர்கள் ஹாலில் பல்லியை வைத்திருக்கிறான் என்று ஓடிவிடுவார்கள் என்று நான் சொன்னேன், ஹாலில் வைக்கவில்லை, அவன் அறையில்தான் வைத்திருந்தான், பெண் பார்க்க யாரும் வரவும் இல்லை. இப்போது ஹாலில்தான் இருக்கிறது. அவன் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அமிர்தம்தான் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள், படத்துக்கு நேரெதிரே, அவன் கண்ணு முன்னாடியே இருக்கட்டும் என்று.

அதற்கு முந்தி அவள் பேசவே இல்லை. பேசவில்லை என்றால் ஒரு வார்த்தை இல்லை. அவள் தங்கை வந்து சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனாலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள், இவளும் போய்விடுவாளோ என்று நான் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. அப்புறம் ஒருநாள் காலை, நான் அவன் அறைக் கதவைத் திறந்து, ஒன்றும் தெரியாமல், கூண்டுக்குள்ளே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது, சார் சாப்பிட்டாரா. அவள் குரலா என்று எனக்கே சந்தேகம். அன்றைக்கு அவர் சாப்பிட்டார், அவளே இடுக்கியை வாங்கி ஊட்டினாள், அப்புறம் போய் ஒரு தோசை வார்த்து அவளும் சாப்பிட்டாள். அதிலிருந்து இந்த வீட்டுக்கு உயிர் அங்கேதான், அந்தக் கம்பிவலைக் கூண்டுக்குள்ளேதான் இருக்கிறது. கரப்பான் என்றால் நாற்காலி மேலே ஏறுகிறவள் பிஸ்கட் டப்பாவில் கரப்பான் வளர்த்தாள், கேரட் சீவிப் போட்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை இதுக்கு ஆகாது என்றதும் மறுபேச்சு இல்லாமல் நிறுத்தினாள், கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை விட்டதில்லை. இது போய்விட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிப்பதில்லை. யோசிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு வேறு எதையும் யோசிப்பதில்லை.

ஆமை, கிளி, முயல் எல்லாம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்தேன். துணிப்பையில் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் தாசில்தார், ஆட்டோக்காரர் என்ன சார் உள்ளே என்று கேட்டதற்கு மாத்திரை என்று சொல்லிவைத்தேன். அந்த அம்மா நல்ல மாதிரி, கையில் எடுத்து வாயைத் திறந்து பார்த்து, எச்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, எடை போட்டு, வாயில் புண் இல்லை, வயிற்றில் பூச்சி இல்லை, ஆனால் உடம்பு கரைந்துகொண்டே போகிறது என்றார். பக்கவாட்டில் எலும்பு தெரிகிறது, பார்த்தீங்களா சார் என்று விரலால் தடவிக் காட்டினார், நான் பார்த்தேன், இன்னொரு எலும்பும் நினைவுக்கு வந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் யுகி சட்டையைத் தூக்கியபோது தெரிந்த எலும்பு, அதைத் தள்ளிவிட்டு டாக்டரம்மா முகத்தைப் பார்த்தேன். "இது தானா சாப்பிட ஆரம்பிக்கணும் சார். குழாய் வெச்சு ஊட்டி நாம எத்தனை நாள் ஓட்ட முடியும்? அதுக்கும் தாங்காது" என்றார். பிறகு, வீட்டில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். கூண்டை இடம் மாற்றினோம் என்றேன். அது எப்போது என்றார். சொன்னேன். அதெல்லாம் இரண்டு வாரத்தில் பழகியிருக்குமே, எதிரே புதிதாக ஏதாவது வைத்தீர்களா, டிவி, மீன்தொட்டி, முகம் பார்க்கிற கண்ணாடி என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றும் இல்லை அம்மா என்றேன். டிவியைப் போட்டே மாதக்கணக்காகிறது. மீன்தொட்டி இல்லை. கண்ணாடி குளியலறையில்தான் இருக்கிறது. எதிரே பையன் படம்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லையா, சொல்ல வாய் வரவில்லையா. பையன் படத்தை யாராவது வைத்த பொருள் என்று சொல்வார்களா.

டெலிபோன் இலாகாவில் பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான், அந்தத் தலையும் போய் இப்போது வழுக்கை. போன் ஊமை என்று புகார் வந்தால் ஒரு முனையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், இது நன்றாக இருக்கிறது, இது நன்றாக இருக்கிறது என்று. இதையும் அப்படித்தான் செய்தேன். சூடு காட்டுகிற விளக்கு, சரி, கிளைக்குப் பக்கத்தில் வெப்பமானி கட்டிப் பார்த்துவிட்டேன். வெயிலுக்குப் பதிலாக எரிகிற நீளக் குழல், அது எரிந்தாலும் உள்ளே சத்து தீர்ந்துவிடுமாம், புதிதே வாங்கி மாட்டிவிட்டேன். தண்ணீர், கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது, இலையில் சொட்டுவதைத்தான் நக்கும், காலையும் மாலையும் கூண்டுக்குள்ளே இருக்கிற செம்பருத்திச் செடியைக் குளிப்பாட்டுகிறேன், எச்சத்தின் வெள்ளை மஞ்சளாகவில்லை, அப்படியென்றால் தண்ணீர் குறையில்லை. தீனி, சுவர்க்கோழி அலுத்துப்போயிருக்கும் என்று கரப்பான், கரப்பான் அலுத்திருக்கும் என்று புழு, எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவி. காற்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வேர்த்து வழிகிறோம். இருட்டு, ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் கும்மிருட்டாக இருக்க வேண்டும் என்று கூண்டு மேலே போர்வை போர்த்தினேன், அதை அமிர்தம் முன்பக்கம் மட்டும் எடுத்துவிடுகிறாள், இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கட்டும் என்கிறாள், படத்துக்குக் கீழே அந்தச் சிவப்புக் குட்டி பல்பு ராவும் பகலும் எரிகிறது, அது என்ன பெரிய வெளிச்சம், அதில் என்ன வந்துவிடும். எல்லாம் கழித்துவிட்டேன். எல்லாம் கழித்தபின் பழுது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், புதிதாக வேலைக்கு வந்த பசங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது, கடைசியாகக் கை வைத்த இடத்தைப் பாருடா, அங்கேதான் இருக்கும் என்று. கடைசியாகக் கை வைத்த இடம். கூண்டு. கூண்டை வைத்த மேஜை. அதோடு நின்றுகொள்கிறது புத்தி, மேஜையைத் தாண்டிப் போக மாட்டேன் என்கிறது, திரும்பி மறுபடி சூட்டு விளக்கிலிருந்து ஆரம்பிக்கிறது.

பசிக்கலப்பா. யுகி அவ்வளவுதான் சொன்னான், இதே சோபாவில் கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. காய்ச்சலில் யாருக்குப் பசிக்கும், எனக்கே பசிக்காது, காய்ச்சல் விட்டால் தானாக இரண்டு தட்டு சாப்பிடுவான் என்று நினைத்தேன், எந்தத் தகப்பனும் அப்படித்தான் நினைப்பான். ராத்திரி முழுக்கப் புரண்டான். அவன் அறையில் ஸ்டெபிலைசரின் சிவப்புப் புள்ளிக்கு என் கறுப்பு டேப்பைக் கிழித்து ஒட்டி வைத்திருப்பான், சுவிட்ச் போர்டு புள்ளிக்கும், வைஃபை பெட்டிக்கும், ஒரு சுருள் டேப்பே தீர்ந்துபோயிருக்கும், சின்னதிலிருந்து அப்படித்தான், பக்கத்து அறையில் விளக்கு எரிந்தால் கூட எழுந்து வந்து அணைத்துவிட்டுப் போவான், அன்றைக்கு மட்டும் நான் விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்திலே உட்கார்ந்திருந்தேன், கண்ணு கூசுதுப்பா என்றான், மாத்திரை நேரம்டா என்றேன். விடிந்ததும் ஆஸ்பத்திரி. ரத்தத்தில் எதுவோ குறைகிறது என்றார்கள், ஏற்றினார்கள், ஏற்ற ஏற்றக் குறைந்தது. அவர்களும் இடம் இடமாகத்தான் தேடினார்கள். ஒரு இடத்திலும் இல்லாத பழுது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கஞ்சி டம்ளர் இதே சோபாவின் கைப்பிடி மேலே ஆடை படிந்து இருந்தது, அதை யார் கழுவினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மணி ஐந்தை நெருங்குகிறது. பால்கனி வழியாக மேற்கு வெயில் உள்ளே வந்து கூண்டு மேல் விழுகிறது. இதோ, ஆரம்பித்துவிட்டார். இடுக்கியை விட்டு இரண்டு கண்ணும் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டன, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித் தட்டையாக்கிப் பெரிதாக்குகிறார், பச்சை மேலே மஞ்சள் பட்டையும் நீலப் புள்ளியும் கொப்பளிக்கிறது, தொண்டை உப்புகிறது. தினமும் இந்த நேரத்துக்கு இதுதான். முதல் முதல் இதைப் பார்த்த அன்று அமிர்தம் சமையல் உள்ளிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஏங்க, அவன் ஆபீசு விட்டு வர்ற நேரங்க இது, அவனைப் பாத்துட்டுதான் இப்படி ஆடுது என்றாள். காலை ஷிப்ட் முடிந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து ஐந்து மணிக்குத்தான் வருவான், வந்ததும் ஹெல்மெட்டைக் கூட வைக்காமல் கூண்டைத்தான் திறப்பான், அது உண்மை. அதிலிருந்து சாயங்காலம் அவள் வீட்டில் இருந்தால் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று படத்தைக் காட்டுவாள், பாருங்க சார், யுகி வந்துட்டான், பாருங்க என்று. கீழ்வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அமிர்தத்தின் தங்கை வீடியோ எடுத்து உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாள். ஊரெல்லாம் கட்சி மாறுகிறவனை இதன் பேரைச் சொல்லித் திட்டுகிறது, என் பையனை மறக்காத ஒரே ஜீவன் இதுதான் என்று நானும், ஆமாம், நானும் நினைத்துக்கொண்டேன், வெட்கமாக இருந்தாலும் நினைத்துக்கொண்டேன்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் சுவர்க்கோழி இடுக்கியிலிருந்து நழுவி, கூண்டுக் கதவைத் தாண்டிக் குதித்து, சோபாவுக்கு அடியில் போய்விட்டது. சனியன். ராத்திரியெல்லாம் கத்தும். மண்டியிட்டேன், முட்டி கடகடவென்றது, தரையில் கையை ஊன்றித் துழாவினேன், தூசியும் ஒரு பேனா மூடியும்தான் வந்தது. எழுந்திருக்க முடியாமல் மேஜையைப் பிடித்துப் பாதி எழுந்து, கூண்டோடு ஒட்டிக் கன்னத்தை வைத்து மூச்சு வாங்கினேன். அப்போது என் முகம் தாசில்தார் முகத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் இருந்தது. அவர் பார்க்கிற இடத்தை நானும் பார்த்தேன். படத்தில் யுகி சட்டைப் பை இருக்கிற இடத்தில், அந்தக் கருநீலச் சட்டையின் மேல், ஒரு கிளை இருந்தது. கிளை மேலே ஒரு பச்சோந்தி. பட்டை பட்டையாக, தொண்டையை உப்பிக்கொண்டு, வெயிலில் பளபளவென்று. அதற்குப் பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை. இங்கே இவர் வாயைப் பிளந்து சீறினார், அங்கே அதுவும் பிளந்தது. இவர் ஒரு அடி பின்வாங்கினார், அதுவும் பின்வாங்கியது, ஆனால் போகவில்லை, கிளையை விட்டு இறங்கவில்லை. நான் தலையை அசைத்தேன், வழுக்கைத் தலை அசைந்தது.

அந்தப் படத்துக்கு வெறும் லேமினேஷன் போதுமா என்று ஸ்டூடியோக்காரன் கேட்டான், இல்லை, நல்ல கண்ணாடியே போடு, பளிச்சென்று இருக்கட்டும் என்று சொன்னது நான். பூ வைக்க அமிர்தம் கைக்கு எட்ட வேண்டும் என்று ஆணியைத் தாழ்வாக அடித்ததும் நான். கடைசியாகக் கை வைத்த இடம். மழை பெய்தால் மட்டும் ஊமையாகிற லைன் உண்டு, சாயங்காலம் மட்டும் கரகரக்கிற லைன் உண்டு, அதையெல்லாம் அடுத்த கம்பத்திலிருந்து கண்டுபிடிக்கிறவன், வீட்டு ஹாலில் நாலு எட்டு தூரத்தில் இருப்பதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் என்ன. பார்க்கப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால், இது அவனைப் பார்க்கிறது என்று அவள் சொன்னபோது அவள் முகம் இருந்த மாதிரி இந்த வீட்டில் வேறு எப்போதும் இல்லை, அதுதான் காரணம். இப்போது போய், அது அவனைப் பார்க்கவில்லை, எதிரே இன்னொரு பச்சோந்தி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துச் சாகிறது, இடத்தைப் பிடித்துக்கொண்டு போகாமல் நிற்கிற எதிரியைப் பார்த்துக்கொண்டு எவன் சாப்பிடுவான், விடிந்ததிலிருந்து விளக்கு அணைகிற வரைக்கும் காவல், அதற்கப்புறமும் அந்தச் சிவப்பு பல்பு, என்று அவளிடம் நான் எந்த வாயால் சொல்ல. சொல்லாமல் விட்டால் இது செத்துப்போகும். செத்துப்போனால் அவள் மறுபடி வாயை மூடிக்கொள்வாள். சொன்னால் என்ன ஆவாள். கூண்டைத்தான் மாற்றிவிடலாமா, அவன் அறைக்கே கொண்டுபோய்விடலாமா என்றால், படம் இருக்கிற பக்கம்தான் கூண்டு வர வேண்டும் என்பாள், காரணம் கேட்பாள், காரணம் ஒன்றுதான். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

முதலில் உறுதி செய். அதுதான் முறை, சந்தேகத்தில் கம்பியை வெட்டக் கூடாது. கொடியிலிருந்து என் வெள்ளைத் துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டேன், அது நெற்றியிலிருந்து நழுவி மூக்கு, வாய் என்று இறங்கி முகம் முழுக்க மூடிக்கொண்டது, இழுத்து எறிந்துவிட்டேன். அப்படி மூடியதை ஒரு தரம் பார்த்தது போதும். வேறு வழி தெரியாமல் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானே நடுவில் நின்றேன், சுவரோடு ஒட்டி, கையை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்து. பல்பின் சூடு இடுப்பில் பட்டது. தாசில்தார் என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், இரண்டு கண்ணும் தேடின. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, கால் மரத்துவிட்டது. மெதுவாகத் தொண்டை இறங்கியது. பட்டைகள் ஒவ்வொன்றாக மங்கின, உடம்பு பழைய கனத்துக்கு வந்தது, வெறும் பச்சை, வாழைக்குருத்துப் பச்சை, இந்தப் பச்சையை நான் அவன் அறையில் பார்த்தது. ஒரு காலைத் தூக்கினார், ஆடினார், வைத்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்கவில்லை, வந்தது, நின்றபடியே அழுதேன். அப்புறம் துடைத்துக்கொண்டு, படத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆணியிலிருந்து தூக்கினேன். என்ன கனம். கண்ணாடியின் கனம்தான்.

அவன் அறைக் கட்டிலில் தலையணை இருக்கிற பக்கம் படத்தின் தலை வருகிற மாதிரி வைத்தேன். சாய்த்து வைக்கத்தான் நினைத்தேன், வழுக்கியது, படுக்கப்போட்டுவிட்டேன். திரும்பி ஹாலுக்கு வந்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது, அதற்குக் கீழே தனியாகத் தொங்கிக்கொண்டு சிவப்பு பல்பு எரிகிறது, எதற்கு எரிகிறது என்று தெரியாமல். அதை அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆணி ஆடிக்கொண்டிருந்தது என்று சொல்லலாமா. சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லலாமா. இன்னொரு சுவர்க்கோழியை எடுத்துப் பொடியில் புரட்டி நீட்டினேன், இப்போது ஒரு தரம் சாப்பிட்டுவிட்டால் போதும், வாசலில் அவள் கேட்டதும் சாப்பிட்டார் என்று சொல்லிவிடலாம், அந்த ஒரு வார்த்தை கையில் இருந்தால் மற்றதெல்லாம் சொல்ல முடியும். பார்த்தார். இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்தார், எத்தனையோ நாளைக்கு அப்புறம். வாயைக் கொஞ்சம் திறந்தார், நாக்கின் நுனி தெரிந்தது. மூடிக்கொண்டார். சாப்பிடவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. "சார் சாப்பிட்டாரா?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டியதை அவள் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இலைப் பொட்டலத்தில் முல்லைப் பூ. "படம் எங்கங்க?" என்றாள். சேர்த்து வைத்திருந்த பொய் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. உள்ளே இருக்கிறது, அவன் கட்டிலில் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, ஏன் என்று நின்றாள். சொன்னேன். வெயிலை, கண்ணாடியை, நான் மண்டியிட்டுப் பார்த்ததை, டாக்டரம்மா கேட்டதை, துண்டு போட்டதை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், சொல்லும்போது எங்கள் ஆபீசில் மேலதிகாரிக்குப் பழுது விவரம் சொல்கிற குரல் வந்துவிட்டது, அந்தக் குரல் இல்லாவிட்டால் சொல்லியிருக்க முடியாது. பூப் பொட்டலத்தை இடுப்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அது அவனைப் பாக்கலையா?"

"இல்லம்மா."

"சாயந்திரமானா அந்தக் கலரெல்லாம்?"

"பயம்" என்றேன்.

கூண்டுக்குப் பக்கத்தில் போனாள். பாருங்க சார், பாருங்க சார்னு நான்தானே காட்டிக்கிட்டே இருந்தேன் என்றாள், எனக்குச் சொல்லவில்லை, அதற்குச் சொன்னாள். அப்புறம் அவன் அறைக்குள் போய்விட்டாள். சத்தமே இல்லை. அழுகிற சத்தமாவது வந்தால் நான் போகலாம், வராவிட்டால் எப்படிப் போவது, மறுபடி அந்த ஊமைநாள் ஆரம்பிக்கிறதா, நானே ஆரம்பித்து வைத்துவிட்டேனா, சோபாவில் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசற்படி வரைக்கும் போனேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பூவைப் பிரித்துக் கண்ணாடி மேல் வைத்திருந்தாள், தொங்க இடமில்லாததால் நீளமாக அவன் தோளிலிருந்து தோள் வரைக்கும் கிடந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் சொன்னேன், இங்கேயே ஒரு ஒயர் இழுத்து அந்த பல்பை மாட்டித் தந்துவிடுகிறேன், இப்போதே செய்துவிடலாம், அவனுக்கு விளக்கு இல்லாமல் இருக்க வேண்டாம் என்று. அவள் சுவிட்ச் போர்டைப் பார்த்தாள். அங்கே சிவப்புப் புள்ளி மேலே அவன் ஒட்டிய கறுப்பு டேப்பு ஓரத்தில் பெயர்ந்து நின்றது. எழுந்துபோய்க் கட்டைவிரலால் அதை அழுத்தி ஒட்டினாள்.

"வேணாங்க. லைட்டு எரிஞ்சா அவனுக்குத் தூக்கம் வராது."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், பால் வேண்டாம், காபி போதும் என்கிற மாதிரி. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ராவும் பகலும். அவன் முகத்துக்கு நேரே. ஒரு புள்ளி வெளிச்சத்துக்கு எழுந்து வருகிறவன் முகத்தில் இத்தனை நாளாக எரிந்துகொண்டிருந்தது, மாட்டியவன் நான், அணையாமல் பார்த்துக்கொண்டவள் அவள். அவள் என்னைத் தாண்டி ஹாலுக்குப் போனாள், சுவரோரம் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள், பல்பு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் கூண்டு விளக்கும் தன் நேரம் வந்து டிக்கென்று அணைந்துகொண்டது. வெளியிலிருந்து வந்த மிச்ச வெளிச்சத்தில் தாசில்தார் வாலைச் சுருட்டிக்கொண்டு கிளையோடு ஒட்டிக் கிடந்தார், நிறமெல்லாம் போய் வெளுத்து, இரண்டு கண்ணும் மூடி. தூங்குகிறார் என்றாள். ஆமாம் என்றேன். நாளைக்குச் சாப்பிடுமா என்று கேட்டாள், தெரியவில்லை என்றேன். போர்வையை எடுத்து முன்பக்கமும் சேர்த்து அவளே இழுத்து மூடினாள். விளக்குப் போடாமல் சோபாவில் உட்கார்ந்தோம், சோபாவுக்கு அடியில் தப்பிய சுவர்க்கோழி கத்த ஆரம்பித்தது, அதைப் பிடியுங்கள் என்று அவள் சொல்லவில்லை.